ஆர்ம்ஸ்ட்ராங்கின் 1936 டெக்கா தட்டில் ஸ்டீல் கிட்டார் வாசித்தது யார்?

ஊசிமுனை (இழையைத் தொடங்கியவர்) | வெள்ளி, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரே தட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் காதும் அனுபவமும் எனக்கு வேண்டும்.

எங்கள் பெரியப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் விட்டுப்போன தகரப் பெட்டியில் இருபதுக்கு மேல் 78 தட்டுகள், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகள். பாதிக்குமேல் விரிசல். தப்பித்ததில் ஒன்று அமெரிக்க டெக்கா கம்பெனியுடையது, நீல லேபிள், எண் 914. ஒரு பக்கம் ‘டு யூ, ஸ்வீட்ஹார்ட், அலோஹா’, இன்னொரு பக்கம் ‘ஆன் எ கோகனட் ஐலண்ட்’. பாடுவதும் ட்ரம்பெட் ஊதுவதும் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். கூட வாசிப்பது ‘தி பாலினீசியன்ஸ்’ என்று லேபிள் சொல்கிறது. அது ஹவாய்க் கலைஞர் ஆண்டி அயோனாவின் குழு என்கிறார்கள். பாட்டு எழுதியவர் பெயர் உண்டு. வாசித்த மற்றவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் கரகர குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஸ்டீல் கிட்டார், கம்பிமேல் இரும்புக் கட்டையை வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கிட்டார். அவர் ஒரு வரியைப் பாடி மூச்சு வாங்கும் இடத்தில் அது மெல்ல வழுக்கி வருகிறது, அடுத்த வரி தொடங்குவதற்குள் ஒதுங்கிவிடுகிறது. யார் குரலுக்கு வாசிக்கிறோம் என்று தெரிந்து வாசிக்கிற கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பெயர் எனக்குத் தெரிய வேண்டும்.

சுதிப்பெட்டி | வெள்ளி, இரவு 11:15

இதில் தேட என்ன இருக்கிறது சார்? ஆண்டி அயோனாவே பெயர்பெற்ற ஸ்டீல் கிட்டார்காரர். குழு அவருடையது. அவரேதான் வாசித்திருப்பார்.

கறுப்புத்தட்டு | சனி, காலை 6:50

சுதிப்பெட்டி சொல்வதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் குழு யாருடையது என்பது ஒரு விஷயம், அந்தப் பதிவில் கம்பியைத் தொட்டது யார் என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக்குவதால்தான் இத்தனை பெயர்கள் காணாமல் போயின.

அயோனா ஸ்டீல் மட்டும் வாசித்தவர் இல்லை. ஹோனலூலுவில் மோவானா ஓட்டலில் ஜானி நோபிள் நடத்திய வாத்தியக் குழுவில் சாக்ஸஃபோன் வாசித்தவர். பாட்டு எழுதுவார், இசைக்கோப்பு செய்வார், குழு நடத்துவார். அப்படிப்பட்டவர் ஒரு பதிவு அறையில் ஸ்டீலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு மற்றதைக் கவனிப்பது சாதாரணம்.

இந்தத் தட்டு பதிவானது 18 ஆகஸ்ட் 1936, லாஸ் ஏஞ்சலஸ். தட்டில் லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வழவழப்பான வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ‘டிஎல்ஏ’ என்று தொடங்கும் மேட்ரிக்ஸ் எண், அதாவது அந்தப் பதிவுக்குக் கம்பெனி கொடுத்த எண், இருக்கும். டெக்கா தன் லாஸ் ஏஞ்சலஸ் பதிவுகளுக்குக் கொடுத்த முன்னெழுத்து அது. ஆர்ம்ஸ்ட்ராங் அப்போது ‘பென்னிஸ் ஃப்ரம் ஹெவன்’ படத்துக்காக ஹாலிவுட் வந்திருந்தார். முந்தின நாள், 17ஆம் தேதி, அதே டெக்காவுக்கு பாடகர்கள் பிங் கிராஸ்பியோடும் ஃப்ரான்சஸ் லாங்ஃபோர்டோடும் சேர்ந்து படப் பாடல்களைப் பதிந்தார். மறுநாள் ஹவாய்க் குழு.

ஜாஸ் இசைத்தட்டுப் பட்டியல்கள் இந்தப் பதிவுக்கு ஸ்டீல் கிட்டார் என்று போடுவது சாம் கோகியின் பெயரை. ஹவாயிலிருந்து கலிஃபோர்னியா வந்து அங்கே பல குழுக்களில் வாசித்தவர்.

ஊசிமுனை | சனி, காலை 7:31

டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணே. டிஎல்ஏ இருக்கிறது. இத்தனை நாள் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தேன், விஷயம் லேபிளுக்கு வெளியே இருந்திருக்கிறது.

சுதிப்பெட்டி | சனி, காலை 9:05

பட்டியலில் இருந்தால் போதுமா? பட்டியலை எழுதியவர் 1936ல் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாரா? இதைச் சண்டைக்காகக் கேட்கவில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுத, பத்துப் புத்தகத்தில் வந்த பிறகு அது உண்மையாகிவிடுகிறது. சாம் கோகி என்பதற்கு ஆதாரம் என்ன?

கறுப்புத்தட்டு | சனி, காலை 10:20

சரியான கேள்வி. ஒரு பெயர் பட்டியலுக்குள் வருவதற்கு மூன்று நான்கு வழிகள் உண்டு. கம்பெனியின் பதிவுப் பேரேட்டில் அன்றே எழுதப்பட்டிருக்கலாம். அது முதல் தரம். ஆனால் பேரேட்டில் பெரும்பாலும் தலைவர் பெயரும் எத்தனை பேர் என்ற கணக்கும்தான் இருக்கும். இரண்டாவது, வாசித்தவரோ கூட இருந்தவரோ பிற்பாடு சொன்னது. இருபது முப்பது வருஷம் கழித்து ஒரு சேகரிப்பாளர் போய்க் கேட்கும்போது நினைவு பக்கத்து வருஷத்துப் பதிவோடு கலந்துவிடும். கடைசியாக, காதால் கண்டுபிடித்தது. இது சில சமயம் பேரேட்டைவிட நம்பகமாகவும் இருந்திருக்கிறது, சில சமயம் முழுத் தப்பாகவும் போயிருக்கிறது.

பட்டியலில் அச்சாகும்போது இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. எல்லாப் பெயரும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் நிற்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஆர்ம்ஸ்ட்ராங்கிடமே இருக்கிறது. 16 ஜூலை 1930, ஹாலிவுட். நாட்டுப்புறப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் விக்டர் கம்பெனிக்காக ‘புளூ யோடல்’ வரிசையில் ஒன்பதாவதைப் பதிகிறார். பின்னால் ட்ரம்பெட் ஊதியது ஆர்ம்ஸ்ட்ராங், பியானோ அவர் மனைவி லில் ஹார்டின். தட்டில் இருவர் பெயரும் இல்லை. உலகமே அறிந்த ட்ரம்பெட், பெயரில்லாமல் வெளியானது! ஆர்ம்ஸ்ட்ராங்குக்கே இந்த நிலை என்றால் ஹோனலூலுவிலிருந்து கப்பலேறி வந்த ஒரு ஸ்டீல்காரரின் பெயரை யார் அச்சடிக்கப் போகிறார்கள்?

அந்த ஹாலிவுட் வாரங்களில், 1930 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை, ராட்ஜர்ஸுக்குச் சில பாட்டுகளில் பின்னணி வாசித்தது லேனி மெக்கின்டையரின் ஹவாய்க் குழு. அதிலும் ஸ்டீல் என்று பட்டியல்கள் போடுவது சாம் கோகியைத்தான். ஆக ஒரே மனிதர் பெயர் ஆறு வருஷ இடைவெளியில் இரண்டு இடத்தில் வருகிறது. ஒப்பிட்டுக் கேட்க ஒரு வழி இருக்கிறது.

மழைக்கால_வானொலி | சனி, மதியம் 1:12

இந்த இழைக்கு நன்றி. எங்கள் வீட்டில் இலங்கை வானொலியில் ஹவாயன் கிட்டாரில் இந்திப் பாட்டு வாசித்துப் போடுவார்கள். அம்மா அதை ‘அழுகிற கிட்டார்’ என்பார். அதன் வேர் ஹவாய்த் தீவில் இருப்பது இப்போதுதான் புரிகிறது. தொடருங்கள், நான் வாசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மடியில்_கிட்டார் | சனி, மாலை 4:40

நான் பதினைந்து வருஷமாக லேப் ஸ்டீல் வாசிக்கிறேன். பெயரைத் தேடுவதற்கு முன்னால் வாத்தியத்தையும் சுருதி சேர்ப்பையும் தேடுங்கள். அது ஆளைக் காட்டாது. ஆனால் யார் இல்லை என்பதைக் காட்டும். பாதி வேலை அதிலேயே முடியும்.

முதலில் வாத்தியம். மரக் கிட்டாரில் இரும்புக் கட்டையை வைத்து வாசித்தால் மீட்டிய நொடியில் சத்தம் உச்சத்தில் இருந்து உடனே தேயும். 1927ல் நேஷனல் கம்பெனி கொண்டுவந்த மூன்று கூம்புக் கிட்டார், உள்ளே அலுமினியக் கூம்பு மூன்று, வெளியே பளபளக்கும் உலோக உடம்பு, அதில் கொஞ்சம் நீளமாக நிற்கும், ஆனால் ஓரத்தில் ஒரு தகரத்தின் கூர்மை இருக்கும். 1932ல் விற்பனைக்கு வந்த மின்சார ஸ்டீல், வட்ட உடம்பும் நீளக் கழுத்துமாக இருப்பதால் ‘வாணலி’ என்று பட்டப்பெயர் வாங்கிய அது, சுரத்தை அணைக்காமல் நிறுத்தும். சுண்டுவிரலால் ஒலித்திருகைத் திருப்பி, மீட்டிய சத்தம் கேட்காமலேயே சுரத்தை உள்ளேயிருந்து ஊதுவதுபோல் எழுப்பலாம். 1930களின் நடுவில் கலிஃபோர்னியாவின் ஹவாய் வாசிப்பாளர்கள் ஒவ்வொருவராக இதற்கு மாறினார்கள். ஊசிமுனை போட்ட ஒலித்துண்டில் சுரம் நிற்கிற விதத்தைக் கேட்டால் எனக்கு மின்சாரம்தான் தோன்றுகிறது.

அடுத்தது சுருதி சேர்ப்பு. பழைய ஹவாய் முறை ஏ மேஜர்: கீழிருந்து மேலே ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. கட்டையை நேராக வைத்தால் ஒரே ஒரு மேஜர் கூட்டொலி (கார்ட்) மட்டும்தான் வரும். வேறு நிறம் வேண்டுமென்றால் கட்டையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பிற்பாடு ஈ ஏழு என்ற முறை வந்தது: பி, டி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. அதில் மேலிருந்து இரண்டாவது கம்பியை மட்டும் பியிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றிவிட்டால் சி ஷார்ப் மைனர் முறை. புகழ்பெற்ற ஸ்டீல்காரர் சோல் ஹோபியோடு சேர்த்துச் சொல்லப்படுவது அது. ஒரே ஒரு கம்பி, இரண்டு அரைச்சுர ஏற்றம். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் கட்டை நேராக இருக்கும்போதே மைனரும் ஆறாம் சுரக் கூட்டொலியும் கைக்குள் வந்துவிடும். பிறகு சாய்க்காமல், அப்படியே வழுக்கிக்கொண்டு போகலாம். அந்த நாளைய ஜாஸ் பாட்டுகளுக்கு இதுதான் தேவைப்பட்டது.

இந்தத் தட்டில் மூன்று கம்பி சேர்ந்து வழுக்கும் இடம் இருந்தால் மெதுவாக ஓட்டிக் கேளுங்கள். வழுக்கும்போது கூட்டொலி குலையாமல், ஆறாம் சுரம் உள்ளே இருந்தபடியே நகர்ந்தால் அது ஏ மேஜர் முறை இல்லை. சாய்த்த கட்டையை அப்படிச் சுத்தமாக நகர்த்துவது மிகக் கஷ்டம், ஏனென்றால் ஃப்ரெட் (மெட்டு) இடைவெளி மேலே போகப்போகச் சுருங்குவதால் சாய்வின் கோணமும் கூடவே மாற வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 1936ல் லாஸ் ஏஞ்சலஸில் இந்தச் சுருதி முறைகள் ஒருவருடைய ரகசியமாக இல்லை. பக்கத்து மேடையில் வாசிப்பவரின் கம்பியைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.

ஊசிமுனை | சனி, இரவு 9:18

செய்து பார்த்தேன். அரை வேகத்தில் ஓட்டியதில் நீங்கள் சொன்ன மாதிரி கூட்டொலி குலையாமல் நகரும் இடம் எனக்கு இரண்டு முறை கேட்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். நான் கணினியில் ஏற்றும்போது தட்டை 78ல் ஓட்டினேன். எந்தச் சுருதியில் வாசித்தார்கள் என்பதை அதை வைத்து உறுதியாகச் சொல்லலாமா?

மடியில்_கிட்டார் | சனி, இரவு 9:55

கூட்டொலியின் அமைப்பு வேகத்தால் மாறாது, அதை நம்பலாம். சுருதியை நம்பக் கூடாது. 78 என்பது கிட்டத்தட்டச் சொல்லும் எண். பழைய கம்பெனிகள் சில 80ல் பதிந்திருக்கின்றன. 78க்கும் 80க்கும் நடுவே கால் ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம் வரும். காதுக்கு ‘ஏதோ சரியில்லை’ என்று மட்டும் படும், எது என்று பிடிபடாது.

ஒரு வழி: திறந்த கம்பிகளைத் தேடுங்கள். கட்டை படாத கம்பியின் சத்தம் வேறு மாதிரி இருக்கும், நடுங்காது. அந்தச் சுரம் எதுவாக இருக்க முடியும் என்று முடிவுசெய்து அதற்கு ஏற்ப வேகத்தைச் சரிசெய்யலாம்.

சித்திரவீணை_மாணவி | ஞாயிறு, காலை 8:30

நான் இந்தக் களத்தில் அதிகம் எழுதியதில்லை. எட்டு வருஷமாகச் சித்திரவீணை கற்கிறேன், பழைய பெயர் கோட்டுவாத்தியம். எங்கள் வாத்தியத்திலும் மெட்டு கிடையாது, கட்டையை வழுக்கித்தான் சுரம் பிடிக்க வேண்டும். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்லலாமா?

வாத்தியமும் சுருதியும் கற்றுக்கொள்ளக் கூடியவை, மடியில்_கிட்டார் சாரே சொன்னார். மாற்ற முடியாதது ஒன்று இருக்கிறது: சுரத்துக்குள் நுழையும் விதம். சிலர் கீழிருந்து ஏறி வருவார்கள். சிலர் நேராக இறங்கி நின்ற பிறகுதான் அசைப்பார்கள். அசைவும் அப்படியே. சிலருக்குச் சுரம் தொட்ட உடனே கை நடுங்கத் தொடங்கும், சிலர் ஒரு நொடி காத்திருந்து மெல்ல விரிப்பார்கள். எங்கள் குருவின் மற்ற மாணவர்கள் நால்வர் திரைக்குப் பின்னால் ஒரே வர்ணத்தை வாசித்தாலும் யார் என்று நான் சொல்லிவிடுவேன். ராகமோ வேகமோ காட்டிக்கொடுக்காது. ஒரு காந்தாரத்தில் எப்படி நிற்கிறார்கள் என்பது காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் தட்டில் வேகமான இடங்களை விட்டுவிடுங்கள். அங்கே எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுத்துக்கொள்வார்கள். வரியின் கடைசியில் வரும் நீண்ட சுரங்களை மட்டும் வெட்டி எடுத்து வரிசையாகக் கேளுங்கள்.

இன்னொன்று, இந்த இழைக்கு நேரடியாகத் தொடர்பில்லாவிட்டாலும் சொல்ல ஆசை. ஹவாயில் ஸ்டீல் முறையைக் கண்டுபிடித்தவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் ஓவாஹு தீவின் லாயியே ஊரைச் சேர்ந்த ஜோசஃப் கெகுகு. பள்ளிப் பையனாக இருந்தபோது ஒரு இரும்புத் துண்டைக் கம்பியில் ஓட்டிப் பார்த்து, பிறகு பள்ளிப் பட்டறையிலேயே அதற்கென்று கட்டை செய்துகொண்டார் என்பது கதை. ஆனால் 1880களில் கேப்ரியல் டேவியன் என்ற இந்தியக் கடலோடி ஹோனலூலுவில் கம்பியில் வழுக்கி வாசித்ததைப் பார்த்ததாகவும் ஒரு பழைய சாட்சியம் உண்டு. நம் நாட்டு வாத்தியங்களின் வழுக்கல் அவர் காதில் இருந்திருக்குமோ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கறுப்புத்தட்டு | ஞாயிறு, காலை 9:10

மாணவி அம்மா, நீங்கள் இன்னும் அதிகம் எழுத வேண்டும். ‘சுரத்துக்குள் நுழையும் விதம்’ என்றீர்களே, நாங்கள் ஆளுக்கு ஆள் ‘தொடுகை’ ‘ஸ்டைல்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குச் சரியான பெயர் அதுதான்.

டேவியன் விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்தியர் என்பதால் நமக்குப் பெருமை வருவது இயல்பு. ஆனால் அந்த முறையை வளர்த்து, பள்ளித் தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அமெரிக்காவரை கொண்டுபோனவர் கெகுகு. அந்த உழைப்பை அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சித்திரவீணை_மாணவி | ஞாயிறு, காலை 9:26

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அதைக் குறைத்துச் சொல்வது என் எண்ணம் இல்லை.

புது_ஊசி | ஞாயிறு, மதியம் 12:03

வணக்கம், புதியவன். சோல் ஹோபியாக இருக்கலாமே? அந்தக் காலத்து ஸ்டீல் என்றால் எல்லோரும் அவர் பெயரைத்தானே சொல்கிறார்கள்.

மடியில்_கிட்டார் | ஞாயிறு, மதியம் 12:50

வாங்க தம்பி. அதனால்தான் அவர் பெயரைக் கடைசியில் வைக்க வேண்டும். யார் வாசித்தது என்று தெரியாத எல்லாத் தட்டையும் அவர் கணக்கில் எழுதும் பழக்கம் இருக்கிறது.

ஹோபி 1902ல் ஹோனலூலுவில் பிறந்தவர். 1919ல் சான் ஃப்ரான்சிஸ்கோ போகும் கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து ஏறிப் போனவர் என்பார்கள். பிறகு லாஸ் ஏஞ்சலஸ். மூவர் குழுவோடு பதிந்த தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள்: ஜாஸ் கிளாரினெட்காரர் மாதிரி ஓடுவார், நடுவில் சட்டென்று ஹார்மோனிக்ஸ் மணி அடிப்பார், ஒரு இடத்தில் நின்று மூச்சுவிட மாட்டார். இங்கே நாம் கேட்பது அதற்கு எதிர்ப்பக்கம். பாடகருக்கு இடம் விட்டு வாசிப்பது. ஹோபியாலும் அப்படி வாசிக்க முடியும், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலும் சொல்லாமல், ஒலியும் சொல்லாமல், புகழ் மட்டும் சொன்னால் அது ஆதாரம் ஆகாது.

ஈரோடு_ரசிகன் | ஞாயிறு, மாலை 3:20

நடுவே நுழைகிறேன், மன்னிக்கவும். என்னிடம் ஹார்மனி லேபிளில் ஒரு ஹவாய் கிட்டார் தட்டு இருக்கிறது. கலைஞர் பெயர் ‘ஹவாய் இருவர்’ என்கிற மாதிரி பொதுவாகப் போட்டிருக்கிறது. மைக்ரோஃபோன் இல்லாமல் கொம்பு வைத்துப் பதிந்த பழைய சத்தம். அப்படியென்றால் 1925க்கு முந்தியது என்று முடிவுகட்டலாமா?

கறுப்புத்தட்டு | ஞாயிறு, மாலை 3:48

வேண்டாம் தம்பி, நானே ஒரு காலத்தில் விழுந்த குழி அது. மின்சாரப் பதிவு 1925ல் வந்தது சரி. ஆனால் கொலம்பியா கம்பெனி தன் மலிவு விலை லேபிள்களான ஹார்மனி, வெல்வெட் டோன், டீவா மூன்றுக்கும் அதற்குப் பிறகும் சில வருஷம் பழைய கொம்பு முறையிலேயே பதிந்தது. சத்தத்தை வைத்து வருஷம் சொன்னால் தப்பாகிவிடும். மேட்ரிக்ஸ் எண்ணைப் பாருங்கள்.

பொதுப் பெயர் போட்ட இருவர் தட்டு என்றால் முதலில் ஃப்ராங்க் ஃபெரேராவை நினையுங்கள். ஹோனலூலுக்காரர். 1915ல் சான் ஃப்ரான்சிஸ்கோ கண்காட்சியால் ஹவாய் மோகம் அமெரிக்கா முழுக்கப் பரவிய நாளிலிருந்து அநேகமாக எல்லாக் கம்பெனிக்கும் பதிந்தவர், பல தட்டுகளில் வேறு வேறு பெயரில். கூட வாசித்தவர் 1920களில் பெரும்பாலும் ஆன்டனி ஃப்ரான்கினி. ஆனால் ‘நினையுங்கள்’ என்றுதான் சொன்னேன், ‘எழுதுங்கள்’ என்று சொல்லவில்லை. தனி இழை தொடங்குங்கள், படம் போடுங்கள், பார்ப்போம்.

சுதிப்பெட்டி | ஞாயிறு, இரவு 8:15

நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். சாம் கோகி, ஹோபி என்று பேசுகிறோம், டிக் மெக்கின்டையரை யாரும் சொல்லவில்லையே. அதே 1936 ஆகஸ்டில், அதே டெக்காவுக்கு, அதே லாஸ் ஏஞ்சலஸில், பிங் கிராஸ்பிக்கு ஹவாய்ப் பாட்டுகளில் பின்னணி வாசித்தது ‘டிக் மெக்கின்டையரும் அவரது ஹார்மனி ஹவாயியன்ஸும்’. பாடகருக்கு இடம் விட்டு, தேன் ஒழுகுகிற மாதிரி வாசிப்பதில் அவருக்கு மேல் ஆள் இல்லை. ஒரே மாதம், ஒரே கம்பெனி. கம்பெனிக்காரர் அவரையே இங்கேயும் உட்கார வைத்திருக்கலாம் அல்லவா?

கறுப்புத்தட்டு | ஞாயிறு, இரவு 9:02

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இது. டெக்காவின் ஜாக் கேப் எப்படி வேலை செய்தார் என்பதோடும் பொருந்துகிறது. மற்றவர்கள் தட்டை 75 சென்டுக்கு விற்றபோது 1934ல் 35 சென்டில் டெக்காவைத் தொடங்கியவர் அவர். பிரபலப் பாடகரை எதிர்பாராத குழுவோடு சேர்த்துவிடுவது அவருக்குப் பிடித்த வழி. கிராஸ்பிக்கு ஹவாய், ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஹவாய். 1937 பிப்ரவரியில் கிராஸ்பி ‘ஸ்வீட் லெய்லானி’யை லேனி மெக்கின்டையர் குழுவோடு பதிந்து, அந்தப் பாட்டு ஆஸ்கரும் வாங்கி, விற்பனை எங்கேயோ போனது. அந்தத் தட்டின் லேபிளிலும் ஸ்டீல்காரர் பெயர் இல்லை, பாருங்கள்.

மெக்கின்டையர் சகோதரர்கள், அயோனா, கோகி எல்லோரும் ஒரே ஊரில், ஒரே சில அறைகளில் வேலை பார்த்தவர்கள். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் உட்காருவது அன்றாட நடப்பு. உங்கள் ஊகம் நடக்க முடியாதது இல்லை. ஆனால் அதே காரணத்தால் ஒப்பிடுவதற்கும் வசதி: ஒரே மாதம், ஒரே கம்பெனி, ஒரே ஊர். டிக் என்று உறுதியாகத் தெரிந்த கிராஸ்பி பதிவு ஒரு பக்கம், நம் தட்டு மறுபக்கம். பதிவுச் சூழல் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது வித்தியாசம் கேட்டால் அது கையின் வித்தியாசமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஊசிமுனை, நீண்ட சுரங்களை வெட்டுங்கள். பெயர் போடாமல் எண் மட்டும் போட்டு மாணவிக்கும் மடியில்_கிட்டாருக்கும் தனியாக அனுப்புங்கள். எனக்கு வேண்டாம், எனக்கு ஏற்கெனவே ஒரு சாய்வு இருக்கிறது.

ஊசிமுனை | புதன், இரவு 11:37

மூன்று ராத்திரி வேலை. மொத்தம் பதினெட்டுத் துண்டு. ஆர்ம்ஸ்ட்ராங் தட்டின் இரண்டு பக்கத்திலிருந்து ஏழு, கிராஸ்பிக்கு டிக் மெக்கின்டையர் வாசித்ததிலிருந்து ஆறு, 1930ல் ராட்ஜர்ஸுக்கு லேனி மெக்கின்டையர் குழு வாசித்ததிலிருந்து ஐந்து. பாட்டுக் குரல் வராத இடமாகப் பார்த்து வெட்டினேன், குரல் கேட்டால் யாருடைய தட்டு என்று தெரிந்துவிடும். வரிசையைக் கலைத்து எண் போட்டு இருவருக்கும் அனுப்பிவிட்டேன்.

சித்திரவீணை_மாணவி | வெள்ளி, காலை 6:15

கேட்டேன். விடை தெரியாமல் இதை எழுதுகிறேன்.

4, 9, 11, 12, 15, 17 ஆறும் ஒரே கை. சுரத்தை அடைந்து ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகுதான் விரிகிறது. அசைவு அகலமாக, நிதானமாக இருக்கிறது. இதைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை.

மற்றவற்றில் 1, 3, 6, 8, 14, 16, 18 ஏழும் சேர்ந்தவை. இங்கே அசைவு சுரத்தோடு கூடவே தொடங்கிவிடுகிறது, கொஞ்சம் நெருக்கமான அசைவு. கடைசியில் சுரத்தை விடும்போது கட்டை ஒரு துளி கீழே சரிகிறது. தெரிந்து செய்வதாக எனக்குத் தோன்றவில்லை, கைப்பழக்கம்.

2, 5, 7, 10, 13 ஐந்தும் வேறு வாத்தியம், சத்தம் சீக்கிரம் தேய்கிறது. அசைவைக் கேட்பதற்குள் சுரம் முடிந்துவிடுகிறது. ஆனால் 5லும் 13லும் அந்தக் கடைசிச் சரிவு கேட்பதுபோல் இருக்கிறது. அதனால் இரண்டாவது கூட்டத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். இதை முதலில் சொன்னதுபோல் அழுத்தமாகச் சொல்ல மாட்டேன்.

மடியில்_கிட்டார் | வெள்ளி, காலை 7:40

நான் நேற்று ராத்திரியே எழுதி வைத்துவிட்டேன், மாணவியின் பதிவைப் பார்க்காமல். முதல் ஆறும் எனக்கும் ஒரு கூட்டம், அப்படியே. ஏழில் ஒன்றில் வேறுபடுகிறேன்: 14ஐ எங்கேயும் சேர்க்காமல் விட்டிருக்கிறேன், ஊசிச் சத்தம் அதிகம். மரக் கிட்டார் ஐந்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. வாத்தியம் மாறினால் கையும் மாறும். மின்சாரத்தில் சுரம் நிற்பதால் அசைவைத் தள்ளிப்போடலாம், மரத்தில் முடியாது.

ஊசிமுனை | வெள்ளி, காலை 8:02

கை நடுங்குகிறது.

அந்த ஆறும் டிக் மெக்கின்டையர். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஏழும் ஆர்ம்ஸ்ட்ராங் தட்டு. ஐந்து 1930.

சுதிப்பெட்டி | வெள்ளி, காலை 8:30

அப்படியானால் டிக் இல்லை. என் ஊகத்தை எடுத்துவிடுகிறேன். மனப்பூர்வமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு தோல்வி எனக்கு இதுவரை சந்தோஷம் கொடுத்ததில்லை.

ஆனால் ஒன்றை நீங்கள் எல்லோரும் கவனிக்க வேண்டும். டிக் இல்லை என்று ஆனதே தவிர, சாம் கோகிதான் என்று ஆகவில்லை. அயோனா இன்னும் போட்டியில் இருக்கிறார். அவரே ஸ்டீல் வாசித்தது என்று உறுதியான ஒரு பதிவை வைத்து இதே சோதனையைச் செய்தால்தான் என் முதல் பதிவு முழுதாகத் தப்பா சரியா என்று தெரியும்.

கறுப்புத்தட்டு | வெள்ளி, காலை 9:14

முழுச் சம்மதம். 5, 13 இரண்டின் சரிவை வைத்து மட்டும் கோகி என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்தச் சாய்வு இருந்தும். 1930க்குக் கோகி என்று போட்டதும் அதே மாதிரிப் பட்டியல்தான் என்பதையும் மறக்கக் கூடாது. பட்டியலைப் பட்டியலை வைத்தே நிரூபிக்க முடியாது. ஆனால் பட்டியல்களில் இருக்கும் ஒரு பெயரோடு காது முரண்படவில்லை. அது சிறிய விஷயம் இல்லை.

அயோனா 1934ல் கொலம்பியாவுக்குத் தன் குழுவோடு பதிந்தவை என் பரணில் இரண்டு இருக்கின்றன. ஆனால் அங்கேயும் ஸ்டீல் அவரேயா என்ற இதே கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இறக்கிக் கழுவி ஏற்றித் தருகிறேன்.

மழைக்கால_வானொலி | வெள்ளி, காலை 10:48

அம்மாவுக்கு அந்த ஏழு துண்டையும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ‘இவர் அவசரமே படலை’ என்றார்.

ஊசிமுனை | வெள்ளி, இரவு 10:05

தட்டுக்குப் புது உறை தைத்திருக்கிறேன், பழுப்புத் தாளில். உறையின் மேல் பென்சிலால் எழுதினேன்: ‘18-8-1936, லாஸ் ஏஞ்சலஸ். ஸ்டீல் கிட்டார்: சாம் கோகி, பட்டியல்படி. டிக் மெக்கின்டையர் இல்லை, காதால். அயோனாவைச் சோதிக்க வேண்டும்.’ பேனாவால் எழுத மனம் வரவில்லை.

கறுப்புத்தட்டு அண்ணே, ஞாயிறு எத்தனை மணிக்கு?